படக்குவியலில் ஒரு திருமேனியைத் தேடுவது: கணினிப் பார்வை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லாயிரம் படங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் நூலகத்தாரும் அருங்காட்சியகத்தாரும், கோயில் ஆவணங்களோடு பழகும் ஆய்வாளர்களும் பொதுவாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. நம் நாட்டில் இந்தத் தேடலின் தேவை கூர்மையாகப் புலப்பட்டது களவுபோன செப்புத் திருமேனிகளின் விஷயத்தில்தான் என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

படத்தைக் கொடுத்துப் படத்தைத் தேடுவது எதற்கு? பெயரைக் கொண்டு தேடினால் போதாதா?

பெயரைக் கொண்டு தேடும்போது, அந்தப் படத்துக்குக் குறிப்பு எழுதியவர் எதைக் கவனித்தாரோ அது மட்டுமே கிடைக்கும். "சோமாஸ்கந்தர், முன்புறம்" என்று பதிவேட்டில் எழுதப்பட்ட படத்தின் இடது ஓரத்தில் பாதி மறைந்து நிற்கும் அம்மன் திருமேனியைப் பற்றிப் பதிவேட்டில் ஒரு சொல்லும் இருக்காது. ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து நாம் தேடுவது அந்த அம்மனாகவே இருக்கலாம். குறிப்பு எழுதியவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு அன்று ஒரு நாளில் முந்நூறு அட்டைகள் எழுத வேண்டியிருந்திருக்கும்.

இதன் பயன் தெரிய ஒரு வழக்கைச் சொல்லலாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதே திருமேனி கோயிலில் இருந்தபோது எடுக்கப்பட்ட படங்கள் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் இருந்தன. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டதில் இரண்டும் ஒன்றே என்பது உறுதிப்பட, 2014 செப்டம்பரில் திருமேனி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த ஒப்பீட்டைச் செய்தது மனிதக் கண். பிரெஞ்சு நிறுவனம் 1950களிலிருந்து தென்னிந்தியக் கோயில்களில் எடுத்துச் சேர்த்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். எந்த ஊர்த் திருமேனி என்று ஊகிக்க ஒரு நூல்முனை கிடைத்துவிட்டால் கண்ணே போதும். ஊர் தெரியாத நிலையில், ஏலப் பட்டியலில் வந்த ஒரு படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த லட்சத்தையும் புரட்டுவதற்குத்தான் கணினி வேண்டியிருக்கிறது.

"இது ஒரு நடராசர்" என்று கண்டறிவதும் "இது அதே நடராசர்" என்று கண்டறிவதும் ஒரே வேலையா?

இல்லை. இந்தத் துறையில் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். முதலாவது வகையை அறிதல். இரண்டாவது தனிப்பொருளை அறிதல். வகையை அறியும் மென்பொருள், நடராசருக்கும் நடராசருக்கும் உள்ள வேறுபாடுகளைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழக்கப்பட்டது. எந்த நூற்றாண்டின் நடராசரைக் காட்டினாலும் "நடராசர்" என்று சொல்வதே அதன் வெற்றி. தனிப்பொருளைத் தேடும் மென்பொருளுக்கு அந்த வேறுபாடுகளே உயிர்.

செப்புத் திருமேனிகளைப் பொறுத்தவரை இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. மெழுகில் உருச் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை வார்த்த பின் மண் அச்சை உடைத்துவிடுகிறார்கள். ஆகவே ஒரே ஸ்தபதி ஒரே இலக்கணப்படி செய்த இரண்டு திருமேனிகள்கூட முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. சடையின் விரிவு, திருமேனியைச் சுற்றி வளைந்து நிற்கும் திருவாசியின் சுடர்களின் எண்ணிக்கை, நடராசரின் காலடியில் கிடக்கும் முயலகனின் முகத் திருப்பம், பீடத்துத் தாமரை இதழின் ஓரம் ஆகியவற்றில் எங்கேனும் ஒரு வேறுபாடு இருந்தே தீரும்.

ஒரு படத்தில் கணினி எதைப் பார்க்கிறது?

கணினிக்கு வருவது புள்ளிகளின் வெளிச்ச அளவுகள் மட்டுமே. அவற்றிலிருந்து பொருளை அடையாளம் காணும் வழிகளில் நீண்ட காலம் தாக்குப்பிடித்தது, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லோவ் 1999இல் முன்வைத்து 2004இல் விரிவாக எழுதிய சிஃப்ட் என்னும் முறை. அது முதலில் படத்தில் எளிதாகத் திரும்பக் கண்டுபிடிக்கக்கூடிய இடங்களைத் தேர்ந்தெடுக்கிறது. சமதளமான மார்பு போன்ற இடம் அதற்குப் பயன்படாது. காதணியின் முனை, சுடரின் நுனி, பீடத்தின் விரிசல் போன்ற இடங்கள் பயன்படும். பிறகு அந்த இடத்தைச் சுற்றியுள்ள சிறு சதுரத்தை நான்குக்கு நான்கு என்று 16 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெளிச்சம் எந்தத் திசையில் எவ்வளவு மாறுகிறது என்பதை எட்டுத் திசைகளில் கணக்கிடுகிறது. 16ஐ எட்டால் பெருக்கினால் 128. அந்த 128 எண்களே அந்த இடத்தின் கைரேகை.

இதில் நுட்பம் என்னவென்றால், வெளிச்சத்தின் அளவை அல்ல, அது மாறும் விதத்தை எழுதிவைப்பதால் படம் சற்று இருண்டாலும் வெளுத்தாலும் கைரேகை பெரிதும் மாறாது. சதுரத்தின் அளவையும் சாய்வையும் அந்த இடத்தின் இயல்பைக் கொண்டே முடிவுசெய்வதால், படம் சிறிதானாலும் சாய்ந்தாலும் கைரேகை ஏறத்தாழ அப்படியே நிற்கும். ஆனால் பொருளையே பக்கவாட்டில் திருப்பிவிட்டால் நிலைமை வேறு. முப்பரிமாணப் பொருளை ஏறத்தாழ 30 பாகைக்கு மேல் திருப்பினால் பொருத்தங்கள் வேகமாக உதிர்ந்துவிடும்.

இரண்டு படங்களில் உள்ள கைரேகைகளை ஒப்பிடும்போது லோவ் சொன்ன ஒரு சிறு விதி இன்றும் எல்லோரும் கையாள்வது. ஒரு கைரேகைக்கு, இடத்தால் அல்ல எண்களால், மிக அருகில் உள்ளதையும் இரண்டாவதாக அருகில் உள்ளதையும் எடுத்துக்கொண்டு, முதலாவதன் தொலைவு இரண்டாவதன் தொலைவில் 0.8 பங்குக்குக் குறைவாக இருந்தால் மட்டும் ஏற்க வேண்டும். அவருடைய சோதனையில் இந்த விதி தவறான பொருத்தங்களில் 90 விழுக்காட்டை நீக்கியது; சரியானவற்றில் இழந்தது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. ஒன்றுபோல் நூறு இருக்கும் இடத்தில் எதையும் நம்பாதே என்பதே அந்த விதியின் சாரம். திருவாசிச் சுடர்களுக்கு இது அப்படியே பொருந்தும்: ஒரு சுடர் மற்றொன்றைப் போலவே இருப்பதால், ஒடிந்த சுடரே மற்றவற்றைவிட நமக்கு அதிகம் சொல்கிறது.

லட்சம் படங்களைச் சில நொடிகளில் எப்படித் தேட முடிகிறது?

நேரடியாக ஒப்பிட்டால் முடியாது. ஒரு படத்துக்கு 2,000 கைரேகைகள் என்று கொண்டால், லட்சம் படங்களில் 20 கோடி. தேடும் படத்தின் 2,000 கைரேகைகளை இவை ஒவ்வொன்றோடும் ஒப்பிட 40,000 கோடி ஒப்பீடுகள் வேண்டும். ஒரே ஒரு தேடலுக்கு இது கட்டுப்படியாகாது.

இதற்கு ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த யோசெஃப் சிவிக்கும் ஆண்ட்ரூ சிஸ்ஸர்மனும் 2003இல் கண்ட வழி, நம் நூல்களின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவை ஒத்தது. ஒரு நூலில் "முயலகன்" எங்கெங்கே வருகிறது என்று அறிய யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. சொல்லடைவைத் திறந்து பக்க எண்களைப் பார்க்கிறோம். அதேபோல் கோடிக்கணக்கான கைரேகைகளை ஒற்றுமைப்படி குழுக்களாகத் தொகுத்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால், அந்த எண் ஒரு "காட்சிச்சொல்" ஆகிறது. எந்தக் காட்சிச்சொல் எந்தெந்தப் படங்களில் வருகிறது என்ற சொல்லடைவை முன்கூட்டியே தயாரித்து வைத்துவிட்டால், தேடும் நேரத்தில் தேடும் படத்தின் சொற்களுக்கு உரிய வரிசைகளை மட்டும் புரட்டினால் போதும்.

சொற்களுக்கு எடை போடும் முறையும் உரைத் தேடலிலிருந்து எடுத்துக்கொண்டதே. "என்று", "ஒரு" போன்றவை எல்லாப் பக்கத்திலும் வருவதால் அவற்றைக் கொண்டு எந்தப் பக்கத்தையும் அடையாளம் காண முடியாது. எல்லாப் படங்களிலும் வரும் சுவர்ச் சொரசொரப்பும் தரைக் கல்லின் விளிம்பும் அத்தகையவை; அவற்றுக்கு எடை குறைவு. அரிதாக வரும் காட்சிச்சொல்லுக்கு எடை அதிகம்.

சொற்களஞ்சியம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் ஆரம்பத்தில் தயக்கம் இருந்தது. 2007இல் ஆக்ஸ்ஃபோர்டு குழுவினர், அந்நகரத்துக் கட்டடங்களின் 5,062 படங்களைக் கொண்ட சோதனைத் தொகுப்பில், பத்து லட்சம் காட்சிச்சொற்கள் வரை கொண்டுசென்றால் தேடல் சிறப்பாக இருப்பதைக் காட்டினார்கள். இடத்தின் அளவிலும் லாபம் உண்டு. 20 கோடி கைரேகைகளை அப்படியே வைத்தால், ஒவ்வொன்றுக்கும் 128 பைட் என்ற கணக்கில், ஏறத்தாழ 25.6 ஜிபி ஆகும். காட்சிச்சொல் எண்ணாக மட்டும் வைத்தால், நான்கு பைட் என்ற கணக்கில், 0.8 ஜிபி போதும்.

சொற்கள் ஒத்துப்போனால் பொருளும் அதுவே என்று சொல்ல முடியுமா?

முடியாது. ஒரு பக்கத்தின் சொற்களைக் கலைத்துப் போட்டாலும் சொல்லடைவுக்கு அது அதே பக்கம்தான். ஆகவே சொல்லடைவு தரும் முதல் சில நூறு படங்களை எடுத்து, பொருந்திய புள்ளிகள் இருக்கும் இடங்களும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். தேடும் படத்தில் காதணிக்குக் கீழே தோள்வளையும் அதற்குக் கீழே இடைக்கட்டும் இருந்தால், கிடைத்த படத்திலும் அதே ஒழுங்கு, அதே விகிதத்தில் இருக்க வேண்டும்.

இதற்குப் பயன்படும் ரான்சாக் என்னும் முறையை ஃபிஷ்லரும் போல்ஸும் 1981இல் வெளியிட்டார்கள். பொருந்திய இணைகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, அவற்றை வைத்து ஒரு படம் மற்றதன் மீது எப்படிப் பொருந்தும் என்று ஊகித்து, அந்த ஊகத்தை மற்ற இணைகளில் எத்தனை ஆதரிக்கின்றன என்று எண்ணுவதே அதன் வேலை. இதைப் பலமுறை செய்து, அதிக ஆதரவு பெற்ற ஊகத்தை ஏற்கிறது. பாதிக்கு மேல் தவறான இணைகள் இருந்தாலும் அவை ஒன்றோடொன்று உடன்படாமல் சிதறிப்போவதால், சரியானவை சிறுபான்மையாக இருந்தும் வென்றுவிடுகின்றன.

இந்த முறை எங்கே மிக நன்றாக வேலை செய்கிறது?

தட்டையான, அச்சிட்ட பொருள்களில். இதற்கு நல்ல சான்று ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகம். அங்கே சேர்த்து வைத்திருக்கும் பழைய ஒற்றைத்தாள் பாடல்கள் ஏறத்தாழ 30,000. மலிவு விலையில் தெருவில் விற்ற தாள்கள் என்பதால், அச்சகத்தார் கையில் இருந்த மரக்கட்டைப் படங்களையே பாட்டுக்குப் பொருந்துகிறதோ இல்லையோ திரும்பத் திரும்ப அடித்தார்கள். ஒரு தாளில் அரசனாக வந்தவன் இன்னொன்றில் கொலைகாரனாக வருவான். படத்தில் ஓர் உருவத்தைச் சுற்றிக் கட்டம் போட்டுத் தேடினால், அதே கட்டையில் அடித்த மற்றத் தாள்கள் வரிசையாக வந்து நிற்கும்.

இதில் கூர்ந்து பார்க்க வேண்டியது கட்டையின் காயங்கள். மரம் காய்ந்து வெடிக்கும், பூச்சி துளைக்கும், விளிம்பு சிதையும். பூச்சித் துளை அச்சில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஒரு தாளில் ஒரு புள்ளியும் இன்னொன்றில் அதே புள்ளியோடு வேறு இரண்டும் இருந்தால், இரண்டாவது தாள் பின்னால் அச்சானது என்று அறியலாம்; ஏனெனில் துளை தானாக மூடிக்கொள்ளாது. தேதி போடாமல் அச்சடித்த தாள்களை இப்படிக் கால வரிசையில் அடுக்க முடிகிறது. நம் ஊரில் அதேபோல் மலிவு விலையில் தெருவில் விற்ற குஜிலிப் பதிப்புகளின் படங்களுக்கும் இதை யாரேனும் பெரிய அளவில் செய்து பார்க்க வேண்டும் என்பது இதை எழுதுபவரின் நெடுநாள் ஆசை.

இதற்குப் பயன்படும் வைஸ் என்ற மென்பொருளை ஆக்ஸ்ஃபோர்டின் காட்சி வடிவியல் குழு கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டுள்ளது. சிஃப்ட் முறையின் காப்புரிமையும் 2020இல் காலாவதியாகிவிட்டதால் அதைப் பயன்படுத்துவதில் இப்போது தடையில்லை.

அப்படியானால் செப்புத் திருமேனிகளில் என்ன சிக்கல்?

நிறையவே உண்டு. முதலாவது, உலோகம் பளபளக்கும். ஒளி எங்கிருந்து விழுகிறதோ அதற்கேற்ப மினுக்கம் இடம் மாறும். அந்த மினுக்கத்தின் விளிம்பையும் கணினி ஒரு கைரேகையாக எடுத்துக்கொள்ளும். கோயிலில் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படமும் ஏலக்கூடத்தின் விளக்குகளில் எடுத்த படமும் நம் கண்ணுக்கு ஒரே பொருளாகத் தெரிந்தாலும், மார்பிலும் தொடையிலும் ஒத்துப்போகும் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் போகலாம்.

இரண்டாவது, திருமேனி பயன்பாட்டில் இருக்கும் பொருள். நூற்றாண்டுகளாக அபிஷேகம் கண்ட திருமுகத்தில் மூக்கும் இதழும் தேய்ந்து மழுங்கியிருக்கும். அங்கே புள்ளிகள் கிடைப்பதரிது. பூசை நடக்கும் கோயிலில் எடுத்த படமென்றால் பட்டும் மாலையும் சந்தனமும் முக்கால் பாகத்தை மறைத்திருக்கும். அப்போது தெரிவது பீடமும் திருவாசியும்தான். ஆனால் திருவாசி கழற்றக்கூடியது, களவில் முதலில் பிரிவதும் அதுவே. மூன்றாவது, விற்பவர்கள் பாசியையும் எண்ணெய்ப் படலத்தையும் துடைத்து மேற்பரப்பின் தோற்றத்தையே மாற்றியிருப்பார்கள்.

நான்காவது வடிவியல் சிக்கல். மரக்கட்டைப் படம் தட்டை. ஒரு தாளின் மீது மற்றத் தாளை நீட்டியும் சாய்த்தும் பொருத்திவிடலாம். விரிந்த சடையும் நீட்டிய கரமும் உடைய நடராசரை அப்படிப் பொருத்த முடியாது. படம் எடுத்தவர் ஓரடி நகர்ந்தாலும் கரம் மார்பின் மேல் வேறோர் இடத்தில் விழும். எனவே முழு உருவத்தையும் கொடுத்துத் தேடுவதைவிட, ஏறத்தாழத் தட்டையாக உள்ள ஒரு பகுதியை மட்டும் வெட்டிக் கொடுத்துத் தேடுவது பலன் தரும். பீடத்தின் முன்முகம், அதில் உலா எடுத்துச் செல்லக் கட்டும் வளையம், எழுத்து ஏதேனும் பொறித்திருந்தால் அந்த வரி ஆகியவற்றைத் தனித்தனியே கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆழ்கற்றல் வந்த பிறகும் இந்தப் பழைய முறைகள் தேவைதானா?

தேவை. இதை விளக்கிச் சொல்ல வேண்டும். ஆழ்கற்றல் என்பது ஏராளமான படங்களைக் கொண்டு கணினியைப் பயிற்றும் முறை. அப்படிப் பயின்று 2012க்குப் பிறகு பரவலான நரம்பு வலைப்பின்னல்கள் என்னும் மென்பொருள்கள், ஒரு படம் முழுவதையும் சில நூறு எண்கள் கொண்ட ஒரே வரிசையாகச் சுருக்கித் தருகின்றன. பொருளால் நெருங்கிய படங்களின் எண்வரிசைகளும் நெருங்கியிருக்கும். 512 எண்கள் கொண்ட வரிசை என்றால் படத்துக்கு 2,048 பைட். லட்சம் படங்களுக்கு ஏறத்தாழ 205 எம்பி. இதைச் சாதாரண மடிக்கணினி நினைவகத்திலேயே வைத்துத் தேடலாம். கோடிக்கணக்கில் படங்கள் இருந்தால், ஃபேஸ்புக் ஆய்வகம் 2017இல் வெளியிட்ட ஃபைஸ் போன்ற மென்பொருள் தொகுப்புகள் எண்வரிசைகளை மேலும் சுருக்கியும் தோராயமாகத் தேடியும் விடை தருகின்றன.

கோணம் மாறினாலும், மாலை அணிந்திருந்தாலும், கருப்பு-வெள்ளையானாலும் இம்முறை தடுமாறுவது குறைவு. ஆனால் அதன் பலமே அதன் பலவீனமும் ஆகும். பெரும்பாலான வலைப்பின்னல்கள் வகையை அறியப் பயின்றவை. பத்து நடராசர்களைக் கொடுத்தால் பத்தையும் ஒரே மூட்டையில் கட்டிவிடும். நாம் தேடிய நடராசர் முதல் 20 இடங்களில் இருக்கலாம், 400ஆவது இடத்திலும் இருக்கலாம். மெட்டா நிறுவனம் 2023இல் வெளியிட்ட டைனோ-2 போன்ற, பெயர்க்குறிப்பே இல்லாத படங்களிலிருந்து பயின்ற வலைப்பின்னல்கள் தனிப்பொருள் தேடலில் இதைவிட நன்றாகச் செயல்படுகின்றன.

நடைமுறையில் இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்துவதே நல்லது. வலைப்பின்னலைக் கொண்டு லட்சத்தை ஆயிரமாகக் குறைத்து, அந்த ஆயிரத்தில் புள்ளிக்குப் புள்ளி ஒப்பீட்டையும் இட ஒழுங்குச் சரிபார்ப்பையும் நடத்த வேண்டும். புள்ளிகளைக் கண்டெடுப்பதற்கும் பொருத்துவதற்குமே வலைப்பின்னல்கள் வந்துவிட்டன. 2018இன் சூப்பர்பாயிண்டும் 2020இன் சூப்பர்குளூவும் அவ்வகையின. வெளிச்சமும் கோணமும் அதிகம் மாறிய படங்களில் அவை சிஃப்டைவிட மேல்.

தமிழில் தட்டச்சு செய்து படத்தைத் தேட முடியுமா?

ஓரளவுக்கு. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2021இல் வெளியிட்ட கிளிப், இணையத்திலிருந்து திரட்டிய 40 கோடிப் படம்-வாசக இணைகளைக் கொண்டு பயின்றது. "சிவப்புச் சேலை உடுத்த பெண்" என்ற பொருள்பட எழுதினால் அத்தகைய படங்களைத் தரும். அதன் வாசகங்கள் ஆங்கிலம் என்பதால் தமிழில் நேரடியாகக் கேட்பது பலிக்காது. பல மொழிகளில் பயின்ற பிற்கால வகைகள் தமிழையும் ஏற்கின்றன. ஆனால் "யானை", "தேர்" போன்றவற்றுக்குக் கிடைக்கும் விடை "பிச்சாடனர்", "ரிஷபவாகனர்" போன்றவற்றுக்குக் கிடைக்கும் என எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் தொகுப்பில் பெயர்க்குறிப்புள்ள சில ஆயிரம் படங்கள் இருந்தால், அவற்றைக் கொண்டு மேலும் பயிற்றலாம். பதிவேடு எழுதிய அந்தப் பழைய பணியாளரின் உழைப்பு இங்கே இரண்டாம் முறையாகப் பயன்படும்.

படங்களை எப்படி ஸ்கேன் செய்து வைக்க வேண்டும்?

நெகட்டிவ் இருந்தால் நெகட்டிவிலிருந்து. அச்சிட்ட படத்தை அட்டையில் ஒட்டி, அட்டையையே ஸ்கேன் செய்த தொகுப்புகளில், ஒட்டிய அட்டையின் ஓரமும் ரப்பர் முத்திரையும் எல்லாப் படத்திலும் இருப்பதால் அவையே ஒன்றோடொன்று பொருந்தி முதலிடத்தில் வந்து நிற்கும். தேடலுக்கான பிரதியில் இவற்றை வெட்டிவிட வேண்டும். மூலப் பிரதியை மட்டும் தொடக்கூடாது. தேடலுக்கு நீளப் பக்கம் 1,500 முதல் 2,000 புள்ளிகள் இருந்தால் பெரும்பாலும் போதும். சான்றுக்கு ஒப்பிடும்போது மூலத்தின் முழு நுணுக்கமும் வேண்டும்.

தேடல் நன்றாக வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?

உங்கள் தொகுப்பிலேயே, இரண்டோ மூன்றோ படங்கள் உள்ள பொருள்களாக ஓர் ஐம்பதைக் கையால் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தைக் கொடுத்துத் தேடி, மற்றப் படங்கள் எத்தனையாவது இடத்தில் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தில் எத்தனை சரியானவை என்பது துல்லியம். இருப்பதில் எத்தனை கிடைத்தது என்பது மீட்பளவு. இணையக் கடையில் பொருள் தேடுபவருக்குத் துல்லியம் முக்கியம். களவுப் பொருளைத் தேடுபவருக்கு மீட்பளவு முக்கியம். நூறு தவறான படங்களைத் தள்ளிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். சரியான ஒன்று பட்டியலுக்கே வராமல் போனால் அதை மீட்க வழியே இல்லை. வெளிநாட்டுச் சோதனைத் தொகுப்புகளில் ஒரு மென்பொருள் பெற்ற மதிப்பெண்ணைக் கண்டு வாங்க வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டுக் கட்டடத்தில் வென்றது ஐம்பொன்னில் தோற்கலாம்.

காவல் துறையினர் இதைப் பயன்படுத்துகிறார்களா?

இன்டர்போல் 2021இல் வெளியிட்ட ஐடி-ஆர்ட் என்ற கைப்பேசிச் செயலி, களவுபோன 50,000க்கும் மேற்பட்ட கலைப்பொருள்களின் பதிவுகளைப் படத்தைக் கொண்டே தேட வழி செய்கிறது, பொதுமக்களும் பயன்படுத்தலாம். ஆனால் அதில் இருப்பது களவுபோனதாக அறிவிக்கப்பட்டவை மட்டுமே. களவுபோனதே தெரியாத பொருள் அங்கே இருக்காது. கோயிலில் இருப்பது போலி என்பதே பழைய படத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் தெரியவந்த வழக்குகள் தமிழ்நாட்டில் உண்டு.

கணினி "பொருந்துகிறது" என்று சொன்னால் அதைச் சான்றாகக் கொள்ளலாமா?

கூடாது. கணினி தரும் மதிப்பெண் எந்தப் படத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. சான்று என்பது, இரண்டு படங்களிலும் ஒரே இடத்தில் இருக்கும், ஸ்தபதி நினைத்துச் செய்யாத குறைகளின் தொகுதி: வார்ப்பில் விழுந்த குழி, பழைய ஒட்டு, வளைந்த விரல், ஒடிந்த சுடரின் எஞ்சிய அடி. அழகை நகல் எடுப்பார்கள்; குழியை அதே இடத்தில், அதே ஆழத்தில் நகல் எடுப்பது அரிது. இவற்றை ஒவ்வொன்றாக எண்ணிட்டுக் காட்டும் வேலை சிற்பக்கலை அறிந்தவருடையது. ஒரு வேறுபாட்டைக் கண்டாலும் அதை மறைக்காமல் எழுதி, தேய்வாலா துடைத்ததாலா வேறு பொருள் என்பதாலா என்று விளக்க வேண்டும்.

தொகுப்பை எல்லோரும் தேடும்படி திறந்துவிடலாமா?

படங்களைத் திறந்துவிடலாம், இடக்குறிப்பைத் திறந்துவிடத் தயங்க வேண்டும். காவலாளி இல்லாத சிற்றூர்க் கோயிலில் எந்த மூலையில் எந்தத் திருமேனி இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லும் பொதுத் தளம், ஆய்வாளருக்கு எவ்வளவு உதவுமோ அவ்வளவு திருடனுக்கும் உதவும். மாவட்டம் வரை காட்டி, அதற்குமேல் கேட்பவருக்கு விசாரித்துத் தருவதே உசிதமாகப் படுகிறது.

படம் தொகுப்பில் இருப்பது உறுதி. ஆனாலும் தேடினால் வரவில்லை. என்ன செய்வது?

முதலில் தேடும் படத்தை இடவலம் மாற்றி இன்னொரு முறை தேடிப் பாருங்கள். நெகட்டிவைத் தலைகீழ்ப் பக்கமாக வைத்து ஸ்கேன் செய்திருந்தால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் மாறிவிடும். சிஃப்ட் சாய்வைத் தாங்கும், அளவு மாற்றத்தைத் தாங்கும். இந்த இடவல மாற்றத்தை மட்டும் தாங்காது. பாட்லியன் தாள்களிலும் இதே தொல்லை உண்டு: ஒருவர் அச்சிட்ட படத்தைப் பார்த்து இன்னொருவர் அப்படியே கட்டையில் செதுக்கினால், அதில் அடித்த படம் இடவலம் மாறியே விழும்.

நடராசர் படங்களில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. தூக்கிய திருவடி இடது. வலது கால் தூக்கியிருந்தால் நெகட்டிவ் திரும்பியிருக்கிறது என்று கொண்டு திருத்திவிடலாம். ஆனால் திருத்துவதற்கு முன் பதிவேட்டில் ஊர்ப்பெயரைப் பாருங்கள். மதுரை வெள்ளியம்பலம் என்று இருந்தால் படத்தில் தவறில்லை. அங்கே அவர் கால் மாறித்தான் ஆடுகிறார்.